பி.எச்.பி. மாறிகளின் வரையெல்லையும் தரவுத்தள இணைப்புப் பிழைகளும்

பி.எச்.பி. மாறிகளின் வரையெல்லை என்பது, பி.எச்.பி. மொழியில் எழுதப்பட்ட நிரலின் எந்தப் பகுதியில் ஒரு மாறி அறியப்படுகிறது, எந்தப் பகுதியில் அறியப்படுவதில்லை என்பதை வரையறுக்கும் விதிகளைக் குறிக்கும். செயற்கூற்றுக்கு வெளியே உருவாக்கப்பட்ட மாறி, செயற்கூற்றின் உள்ளே தானாகத் தெரிவதில்லை என்பது இவ்விதிகளுள் முதன்மையானதாகும். மைஎஸ்கியூஎல் முதலிய தரவுத்தளங்களுடன் இணையும் வழங்கி நிரல்களில் இவ்விதி மறக்கப்படும்போது எழும் பிழை, பெரும்பாலும் தரவுத்தளத்தின் பிழையைப் போலவே தோற்றமளிக்கிறது. கடவுச்சொல் சரியாக இருக்கும்போதே அணுகல் மறுக்கப்படுவதாகச் செய்தி வருகிறது. அச்செய்தியை அப்படியே நம்பி, பயனர் கணக்கின் கடவுச்சொல்லை நீக்குவோரும், எந்தக் கணினியிலிருந்தும் இணையலாம் என்று அனுமதி வழங்குவோரும் உண்டு. இதனால் பிழை நீங்குவதில்லை. தரவுத்தளம் மட்டும் பாதுகாப்பை இழக்கிறது.

பின்னணி

பி.எச்.பி. மொழியை ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1994ஆம் ஆண்டில் தமது வலைத்தளத்தின் தேவைக்காக எழுதத் தொடங்கி, 1995இல் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிட்டார். இம்மொழியில் எழுதப்பட்ட தொடக்ககால நிரல்கள் பல, பக்கத்துக்கு ஒரு கோப்பு என்ற அளவில் சிறியவை. கோப்பின் மேற்பகுதியில் தரவுத்தள இணைப்பும், நடுவில் வினவலும், கீழே விடைகளை அட்டவணையாக அச்சிடும் வரிகளும் இருக்கும். செயற்கூறு எதுவும் இல்லாத அத்தகைய கோப்பில் எல்லா மாறிகளும் ஒரே வரையெல்லைக்குள் அமைவதால் சிக்கல் எழுவதில்லை. நிரல் வளர்ந்து, திரும்பத் திரும்ப வரும் வரிகளைச் செயற்கூறாகப் பிரித்தெழுதும் நாளில்தான் சிக்கல் தொடங்குகிறது. நேற்றுவரை இயங்கிய அதே வரிகள், ஓர் எழுத்தும் மாறாத நிலையில், செயற்கூற்றின் அடைப்புக்குறிகளுக்குள் சென்றதும் இயங்க மறுக்கின்றன.

வழங்கி நிரலின் வாழ்நாளையும் இங்கே கருத்திற்கொள்ள வேண்டும். உலாவி ஒரு பக்கத்தைக் கோரும்போது நிரல் முதல் வரியிலிருந்து இயங்கத் தொடங்குகிறது. பக்கம் அனுப்பப்பட்டு நிரல் முடிந்ததும் அதன் மாறிகள் அனைத்தும் அழிகின்றன. நிலைத்த இணைப்பாகத் திறக்கப்படாத தரவுத்தள இணைப்பும் மூடப்படுகிறது. அடுத்த பக்கத்துக்கு எல்லாம் புதிதாகத் தொடங்கும். எனவே, ஒரு பக்கத்தில் உருவாக்கிய இணைப்பு மாறியை மற்றொரு பக்கத்தில் எதிர்பார்ப்பது பயனற்றது. இணைப்பை அமர்வு மாறியில் சேமித்து வைக்கும் முயற்சியும் தோல்வியடையும். அமர்வில் சேமிக்கப்படுவது எழுத்துச் சரமாக மாற்றத்தக்க தரவு மட்டுமே. தரவுத்தள இணைப்போ இயக்கத்தில் உள்ள ஒரு தொடர்பு. அதனை எழுதிவைத்துப் பின்னர் மீட்க இயலாது.

வரையெல்லை விதி

சி, பெர்ல், ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மொழிகளில் செயற்கூற்றுக்கு வெளியே அறிவிக்கப்பட்ட முழுதளாவிய மாறியைச் செயற்கூற்றுக்குள் நேரடியாகப் படிக்கலாம். பைத்தான் மொழியிலும் படிப்பதற்குத் தடையில்லை. மதிப்பு இருத்தும்போதுதான் வேறுபாடு எழுகிறது. பி.எச்.பி. இவற்றிலிருந்து மாறுபடுகிறது. இதில் செயற்கூற்றின் உள்ளே பயன்படும் ஒவ்வொரு மாறியும், வேறுவகையாக அறிவிக்கப்பட்டாலன்றி, உள்ளமை மாறியாகவே கொள்ளப்படும். வெளியே அதே பெயரில் ஒரு மாறி இருப்பினும் அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

எடுத்துக்காட்டாக, ஒரு கோப்பின் முதல் வரியில் தரவுத்தளத்துடன் இணைந்து, அவ்விணைப்பு $இணைப்பு என்னும் மாறியில் இருத்தப்படுவதாகக் கொள்வோம். அதே கோப்பில் மாணவர்_பட்டியல்() என்னும் செயற்கூறு, $இணைப்பு வழியாக வினவல் ஒன்றை அனுப்புமாறு எழுதப்பட்டுள்ளது. கோப்பைப் படிப்பவரின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பி.எச்.பி.யைப் பொறுத்தவரை அவை இரண்டு மாறிகள். முதலாவது இணைப்பைக் கொண்டுள்ளது. இரண்டாவதற்கு மதிப்பே இருத்தப்படவில்லை. மதிப்பில்லாத மாறியைப் படித்தால் நல் என்னும் வெற்று மதிப்பு கிடைக்கும். நிரல் அங்கேயே நிற்பதில்லை; அந்த வெற்று மதிப்புடன் அடுத்த செயலுக்குச் செல்கிறது.

வெளியே உள்ள மாறி தேவையெனில், செயற்கூற்றின் தொடக்கத்தில் குளோபல் என்னும் சிறப்புச்சொல்லுடன் அதன் பெயரை எழுத வேண்டும். அல்லது முழுதளாவிய மாறிகள் அனைத்தையும் கொண்ட $குளோபல்ஸ் என்னும் அணியின் வழியாக அணுக வேண்டும். உலாவி அனுப்பும் தரவைத் தாங்கிய கெட், போஸ்ட் அணிகளுக்கும், அமர்வு முதலிய வேறு சில அணிகளுக்கும் மட்டும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. 2001இல் வெளியான 4.1 பதிப்பு முதல் அவை எல்லா இடங்களிலும் தாமாகவே தெரிகின்றன.

இவ்விதி புதிதாகக் கற்போருக்குத் தொல்லையாகத் தோன்றினாலும், இதனால் விளைந்த நன்மையும் உண்டு. பழைய பதிப்புகளில் ரெஜிஸ்டர் குளோபல்ஸ் என்றொரு அமைப்பு இருந்தது. வலை முகவரியில் எழுதப்படும் பெயர்களை அது நேரடியாக முழுதளாவிய மாறிகளாக மாற்றியது. முதல் மதிப்பு இருத்தப்படாத மாறி எதுவாயினும், பக்கத்தைப் பார்க்க வரும் எவரும் முகவரிப் பட்டையிலிருந்தே அதற்கு மதிப்பு வழங்க முடிந்தது. செயற்கூறுகளுக்குள் இருந்த உள்ளமை மாறிகளை இந்த ஊடுருவல் எட்டவில்லை. இவ்வமைப்பு 2002இல் வெளியான 4.2 பதிப்பில் இயல்பாக முடக்கப்பட்டு, 2012இல் வெளியான 5.4 பதிப்பில் முற்றிலும் நீக்கப்பட்டது.

வரையெல்லைப் பிழையின் வேறு தோற்றங்கள்

வரையெல்லைப் பிழை தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவது அரிது. அது தோன்றும் வடிவம், செயற்கூற்றுக்குள் எது இல்லாமற் போயிற்று என்பதைப் பொறுத்தது.

இணைப்பு வெளியேயும் வினவல் உள்ளேயும் இருப்பின், வெற்று மதிப்பின் மீது செயற்கூறு அழைக்கப்பட்டது என்ற பொருளில் கடும்பிழை தோன்றி நிரல் நிற்கும். பழைய பதிப்புகளில் இச்செய்தி, பொருள் அல்லாத ஒன்றின் மீது அழைப்பு என்று இருந்தது. இது ஓரளவு நேர்மையான செய்தி. வினவலின் தொடரமைப்பிலோ அட்டவணையின் பெயரிலோ தவறு இருப்பின் இச்செய்தி வராது. வினவல் தரவுத்தளத்தைச் சென்றடையவே இல்லை என்பதை இது காட்டுகிறது.

ஏமாற்றுவது இரண்டாவது வடிவம். இங்கே வழங்கியின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியன தனிக்கோப்பில் மாறிகளாக எழுதப்பட்டுள்ளன. இணைக்கும் பணியோ ஒரு செயற்கூற்றுக்குள் நடைபெறுகிறது. உள்ளே அம்மூன்று மாறிகளும் வெற்றாக இருக்கும். எனினும் இணைப்பு முயற்சி கைவிடப்படுவதில்லை. வழங்கியின் பெயர் தரப்படாவிட்டால் லோக்கல்ஹோஸ்ட், அதாவது அதே கணினி, என்று கொள்ளப்படுகிறது. பயனர் பெயர் தரப்படாவிட்டால், மைஎஸ்கியூஎல்லின் பழைய இணைப்பு நிரலகம் யூனிக்ஸ் வகைக் கணினிகளில் அந்நிரலை இயக்கும் இயங்குதளப் பயனரின் பெயரை எடுத்துக்கொண்டது. விண்டோசில் ஓடிபிசி என்னும் பெயரை எடுத்துக்கொண்டது. விளைவாக, டெபியன் கணினியில் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்னும் பயனருக்கும், விண்டோசில் ஓடிபிசி என்னும் பயனருக்கும் அணுகல் மறுக்கப்படுவதாக 1045ஆம் எண் பிழைச்செய்தி வந்தது. நிரலில் எங்கும் எழுதப்படாத பெயரைத் திரையில் கண்டவர், தரவுத்தளம் தவறாக நிறுவப்பட்டுள்ளது என்று கருதியதில் வியப்பில்லை. 5.4 பதிப்பு முதல் இயல்பாகப் பயன்படும் புதிய நிரலகத்தில் பயனர் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகக் காட்டப்படுகிறது.

இச்செய்தியின் கடைசிச் சொல்லே துப்பு. கடவுச்சொல் பயன்படுத்தப்பட்டதா என்பதற்கு ஆம் அல்லது இல்லை என்று அங்கே குறிக்கப்படும். நிரலில் கடவுச்சொல் எழுதப்பட்டிருந்தும் இல்லை என்று காட்டப்பட்டால், அக்கடவுச்சொல் தரவுத்தளத்துக்கு அனுப்பப்படவே இல்லை. அந்நிலையில் தரவுத்தளத்தின் அனுமதிகளை ஆராய்வதில் பயனில்லை. மாறி எங்கே தொலைந்தது என்று நிரலில் தேட வேண்டும்.

பெயரில்லாப் பயனர் கணக்கு உள்ள கணினிகளில் நிலைமை மேலும் குழப்பமானது. 5.7க்கு முந்தைய மைஎஸ்கியூஎல் நிறுவல்களில் அத்தகைய கணக்கு தானாகவே உருவாக்கப்பட்டு வந்தது. அங்கே வெற்றுப் பெயருடன் செய்யப்படும் இணைப்பு வெற்றியடைந்துவிடும். பின்னர் தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் அனுமதி இல்லை என்று 1044ஆம் எண் பிழை வரும்.

பழைய நீட்சியும் மறைந்திருந்த பிழைகளும்

மைஎஸ்கியூஎல்லுக்கான பி.எச்.பி.யின் முதல் நீட்சியில், வினவல் செயற்கூற்றுக்கு இணைப்பைக் கட்டாயம் தர வேண்டியதில்லை. தராவிட்டால் கடைசியாகத் திறக்கப்பட்ட இணைப்பு எடுத்துக்கொள்ளப்பட்டது. திறந்த இணைப்பு ஏதும் இல்லையெனில், எந்த விவரமும் இன்றிப் புதிய இணைப்பு ஒன்றைத் திறக்க முயன்றது. இந்த ஏற்பாட்டினால், வரையெல்லை விதியை அறியாதவர் எழுதிய நிரல்களும் ஆண்டுக்கணக்கில் பழுதின்றி இயங்கின.

இந்நீட்சி 2013இல் வெளியான 5.5 பதிப்பில் கைவிடப்பட வேண்டியதென அறிவிக்கப்பட்டு, 2015 டிசம்பரில் வெளியான 7.0 பதிப்பில் நீக்கப்பட்டது. அதன் இடத்தில் 5ஆம் பதிப்புடன் வந்த மைஎஸ்கியூஎல்ஐ நீட்சியும், 5.1 பதிப்பு முதல் உடன் வந்த பி.டி.ஓ. நீட்சியும் பயன்படுகின்றன. மைஎஸ்கியூஎல்ஐ நீட்சியில் இணைப்பு கட்டாய அளபுரு. அதுவும் முதல் அளபுரு. பழைய நிரலில் செயற்கூறுகளின் பெயருடன் ஐ என்னும் ஓர் எழுத்தைச் சேர்த்து, இணைப்பு மாறியை முன்னால் எழுதிவிட்டால் போதும் என்று எண்ணி மாற்றியவர்களின் நிரல்களில், கோப்பின் வெளிப்பகுதி வரிகள் சரியாக இயங்கின. செயற்கூறுகளுக்குள் இருந்த வரிகள் மட்டும் பழுதாயின. நீட்சியின் குறையாகக் கருதப்பட்ட இது, முன்பே இருந்து மறைந்திருந்த வரையெல்லைப் பிழையே ஆகும்.

கோப்புகளைச் சேர்க்கும்போது எழும் சிக்கல்

பி.எச்.பி.யில் ஒரு கோப்பினுள் மற்றொரு கோப்பைச் சேர்க்கும்போது, சேர்க்கும் வரி எந்த வரையெல்லைக்குள் இருக்கிறதோ, அதே வரையெல்லையில் சேர்க்கப்பட்ட கோப்பின் மாறிகள் உருவாகும். இணைப்பு விவரங்கள் அடங்கிய கோப்பைச் செயற்கூற்றின் உள்ளே சேர்த்தால் அவ்விவரங்கள் அச்செயற்கூற்றுக்கு மட்டுமே உரியவை.

ஒரே கோப்பை ஒருமுறை மட்டும் சேர்க்கும் ரிக்வயர் ஒன்ஸ் கட்டளை இதனுடன் சேரும்போது விளங்காத பிழை ஒன்று உண்டாகிறது. செயற்கூறு முதன்முறை அழைக்கப்படும்போது கோப்பு சேர்க்கப்பட்டு மாறிகள் உருவாகின்றன, இணைப்பு கிடைக்கிறது. செயற்கூறு முடிந்ததும் அம்மாறிகள் அழிகின்றன. இரண்டாம் முறை அழைக்கும்போது, கோப்பு ஏற்கனவே சேர்க்கப்பட்டது என்பதால் மீண்டும் சேர்க்கப்படுவதில்லை, மாறிகளும் உருவாவதில்லை. ஒரே பக்கத்தில் முதல் பட்டியல் சரியாகவும், இரண்டாம் பட்டியல் அணுகல் மறுப்புடனும் காட்சியளிப்பதைக் கண்டால் இக்காரணத்தை முதலில் ஐயுற வேண்டும்.

உண்மையான இணைப்புப் பிழைகள்

தரவுத்தளத்தின் பக்கமே பிழை இருக்கும் நேர்வுகளும் உள்ளன. பிழை எண் 2002 வந்தால் தரவுத்தள வழங்கியை அடையவே இயலவில்லை என்று பொருள். யூனிக்ஸ் வகைக் கணினிகளில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால், வலையமைப்பின் வழியாகவன்றி, சாக்கெட் கோப்பு ஒன்றின் வழியாக இணைப்பு ஏற்படும். அக்கோப்பு பி.எச்.பி. எதிர்பார்க்கும் இடத்தில் இல்லையெனில், அப்படி ஒரு கோப்பு இல்லை என்று செய்தி வரும். 127.0.0.1 என்று எழுதினால் வலையமைப்பு வழியாக, இயல்பாக 3306ஆம் போர்ட்டில், இணைப்பு முயலப்படும். லோக்கல்ஹோஸ்ட் இயங்காதபோது 127.0.0.1 இயங்கினால் சிக்கல் சாக்கெட் கோப்பின் இடம் பற்றியது எனலாம்.

பிழை எண் 1045 வந்து, அதில் காட்டப்படும் பயனர் பெயர் நிரலில் எழுதிய பெயராகவே இருந்து, கடவுச்சொல்லும் பயன்படுத்தப்பட்டதாகக் குறிக்கப்பட்டிருந்தால் அது உண்மையான அணுகல் மறுப்பாகும். மைஎஸ்கியூஎல்லில் பயனரின் பெயரும் அவர் இணையும் கணினியின் பெயரும் சேர்ந்ததே ஒரு கணக்கு. அதே கணினியிலிருந்து இணைய அனுமதி பெற்றவர் வேறு கணினியிலிருந்து மறுக்கப்படலாம். 1049 என்பது அப்பெயரில் தரவுத்தளம் இல்லை என்பதையும், 1040 என்பது இணைப்புகளின் எண்ணிக்கை உச்சவரம்பை எட்டியதையும் குறிக்கும். இவ்வுச்சவரம்பின் இயல்பான அளவு 151 ஆகும். நெடுநேரம் இயங்கும் நிரல்களில் 2006 தோன்றினால், வழங்கி இணைப்பைத் துண்டித்துவிட்டது என்று பொருள். பயன்படாத இணைப்புக்கு இயல்பான காத்திருப்பு 28,800 வினாடிகள். 2018இல் வெளியான மைஎஸ்கியூஎல் 8.0 புதிய அடையாளச் சரிபார்ப்பு முறையை இயல்பாக்கியது. அதனை அறியாத பழைய பி.எச்.பி. பதிப்புகளில் 2054ஆம் எண் பிழை எழும்.

கண்டறியும் முறை

மதிப்பு இருத்தப்படாத மாறியைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் பி.எச்.பி. அதைப் பற்றி அறிவிக்கவே செய்கிறது. ஆயினும் 8.0க்கு முந்தைய பதிப்புகளில் இவ்வறிவிப்பு நோட்டீஸ் என்னும் கீழ்நிலையில் வைக்கப்பட்டிருந்தது. தனி அமைப்புக் கோப்பு இல்லாத இயல்பு நிலையில் அந்நிலை அறிவிப்புகள் மறைக்கப்பட்டன. இதனால் உண்மைக் காரணத்தைச் சொல்லும் முதற்செய்தி மறைந்து, அதன் விளைவைச் சொல்லும் இரண்டாம் செய்தி மட்டும் திரையில் தெரிந்தது. இத்தனை குழப்பத்துக்கும் அடிப்படை இதுவே. 2020இல் வெளியான 8.0 பதிப்பில் இவ்வறிவிப்பு எச்சரிக்கை நிலைக்கு உயர்த்தப்பட்டது. எல்லா அறிவிப்புகளும் இயல்பாகவே காட்டப்படும் நிலையும் வந்தது.

எனவே முதற்படி, எல்லா நிலைப் பிழைகளையும் பதிவு செய்யுமாறு அமைத்து, பிழைப் பதிவேட்டை மேலிருந்து படிப்பதாகும். கடும்பிழைக்கு முந்தைய வரியில் அறியப்படாத மாறி என்ற எச்சரிக்கை இருப்பின் ஆய்வு அங்கேயே முடிந்துவிடும். செயற்கூற்றின் பெயருக்கு முன் @ குறியிட்டுப் பிழைகளை அடக்கியிருந்தால் அக்குறியை நீக்க வேண்டும். அடுத்து, இணைக்கும் வரிக்கு நேர் மேலே, செயற்கூற்றின் உள்ளேயே, பயனர் பெயரை வார்_டம்ப் கொண்டு அச்சிட்டுப் பார்க்கலாம். கோப்பின் தொடக்கத்தில் அச்சிட்டுப் பார்த்து, மதிப்பு சரியாக உள்ளது என்று முடிவு செய்வது பரவலான தவறு. அங்கே அது சரியாகத்தான் இருக்கும். இறுதியாக, அதே பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டு கட்டளைவரியிலிருந்து மைஎஸ்கியூஎல்லில் நுழைந்து பார்க்க வேண்டும். அங்கே நுழைய முடிந்தால் குறை நிரலில் உள்ளது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

இச்சோதனைகளைப் பொதுமக்கள் காணும் தளத்தின் திரையில் செய்தல் தகாது. பிடிக்கப்படாத விதிவிலக்கின் விவரத்தில் இணைப்புக்குத் தந்த கடவுச்சொல்லே அச்சாகிவிடக்கூடும். இதனைத் தவிர்க்க, அளபுருவின் மதிப்பை மறைக்கும் வசதி 2022இல் வெளியான 8.2 பதிப்பில் சேர்க்கப்பட்டது.

தீர்வுகள்

இணைப்பைச் செயற்கூற்றுக்கு அளபுருவாகத் தருவதே தெளிவான முறை. மாணவர்_பட்டியல்($இணைப்பு) என்று எழுதும்போது, அச்செயற்கூற்றுக்கு எது தேவை என்பது அதன் முதல் வரியிலேயே தெரிகிறது. இணைப்பு ஒரு பொருள் ஆகையால், அளபுருவாகத் தரும்போது புதிய இணைப்பு உருவாவதில்லை. அதே இணைப்பே கைமாறுகிறது.

குளோபல் சொல்லும் வேலை செய்யும். வேர்டுபிரசு மென்பொருளில் தரவுத்தளப் பொருள் இவ்வாறே அணுகப்படுகிறது. அதே மென்பொருள் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் மாறிகளாக வைக்காமல் மாறிலிகளாக வைத்துள்ளது. மாறிலிகளுக்கு வரையெல்லைக் கட்டுப்பாடு இல்லாததால் அவை எச்செயற்கூற்றிலும் தெரியும். சிறு நிரல்களில் குளோபல் சொல்லால் தீங்கில்லை. ஆனால் எந்தச் செயற்கூறு எந்த வரியில் இணைப்பை மாற்றியது என்பதைப் பெரிய நிரலில் தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

5.3 பதிப்பில் வந்த பெயரில்லாச் செயற்கூறுகளுக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. வெளிமாறியைப் பயன்படுத்த யூஸ் என்னும் சொல்லுடன் அதனைக் குறிப்பிட வேண்டும். 7.4 பதிப்பின் அம்புக்குறிச் செயற்கூறுகள் மட்டும் வெளிமாறிகளின் மதிப்பைத் தாமாக எடுத்துக்கொள்கின்றன.

செயற்கூறு ஒவ்வொன்றிலும் புதிய இணைப்பைத் திறப்பது தீர்வு போலத் தோன்றும் மற்றொரு சிக்கல். கால விரயம் ஒருபுறமிருக்க, மைஎஸ்கியூஎல்லில் பல நிலைகள் இணைப்புக்கு உரியவை. ஓர் இணைப்பில் தொடங்கிய பரிமாற்றத்தை மற்றோர் இணைப்பின் பிழை பின்வாங்கச் செய்யாது. பணம் கழிக்கும் வரி ஓர் இணைப்பிலும் சேர்க்கும் வரி வேறோர் இணைப்பிலும் சென்றால், இடையில் நிரல் நிற்கும்போது கணக்கு பிசகும். கடைசியாகச் சேர்த்த பதிவின் எண்ணைப் புதிய இணைப்பில் கேட்டால் சுழியமே கிடைக்கும். தமிழ் வலைத்தளங்களில் இக்குறை கண்ணுக்கே தெரியும்: முதல் இணைப்பில் யூனிகோடு எழுத்துத்தொகுதி அமைக்கப்பட்டு, இரண்டாவதில் அமைக்கப்படாவிட்டால், 8.0க்கு முன் லத்தீன் எழுத்துத்தொகுதியை இயல்பாகக் கொண்டிருந்த மைஎஸ்கியூஎல் வழங்கிகளில், இரண்டாம் இணைப்பு வழியாக வந்த தமிழ்ச் சொற்கள் கேள்விக்குறிகளாகத் தோன்றின.

தமிழ் மாறிப் பெயர்கள்

பி.எச்.பி. மாறிகளுக்குத் தமிழிலும் பெயரிடலாம். 128 முதல் 255 வரையிலான எந்த பைட்டும் பெயரில் இடம்பெற இம்மொழி அனுமதிப்பதால், யூட்டிஎஃப்-8 குறியாக்கத்தில் உள்ள தமிழ் எழுத்துகள் ஏற்கப்படுகின்றன. இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுப் பெயர்கள் அப்படியே நிரலில் இயங்கத்தக்கவை.

ஆனால் பி.எச்.பி. பெயர்களை எழுத்தாக ஒப்பிடுவதில்லை, பைட்டுகளாகவே ஒப்பிடுகிறது. யூனிகோடில் ஒகர, ஓகார, ஔகார உயிர்க்குறிகளை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். கொம்பும் காலும் போன்ற இரு குறிகளின் சேர்க்கையாகவும் எழுதலாம். $தொடர்பு என்னும் பெயரின் முதல் எழுத்து முதல் முறையில் 6 பைட்டுகளும், இரண்டாம் முறையில் 9 பைட்டுகளும் கொண்டது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்; பி.எச்.பி.க்கு அவை வெவ்வேறு மாறிகள். இருவேறு தட்டச்சு மென்பொருள்களைக் கொண்டு ஒரே நிரலை எழுதும்போது, வரையெல்லை சரியாக இருந்தும் மாறி அறியப்படவில்லை என்ற எச்சரிக்கை வரக்கூடும். பெயரை ஓரிடத்திலிருந்து படியெடுத்து மற்ற இடங்களில் ஒட்டினால் இந்த வேறுபாடு நீங்கும்.